மணையும் மெருகும்

நம் வீடுகளிலுள்ள மரப்பொருள்களுள் மணையினும் எளியது பிறிதொன்றில்லை. ஒரு பலகை, அதனடியிற் குறுக்காக இரண்டு கட்டைகள், அவ்வளவே. உண்ணும்போது அதன்மீது அமர்கின்றோம். மணநாளில் மணமக்களை அதன்மீது இருத்துகின்றோம். காய்கறி அரியும் அரிவாளுக்கும் அதுவே அடியாகி அரிவாண்மணை எனப் பெயர் பெறுகின்றது. இத்துணை எளிய பொருளை நாமே செய்துகொள்ளலாகாதோ என்று எண்ணுவார் பலர். விடுமுறை நாளிற் செய்தும் பார்ப்பர். செய்த மணை ஓராண்டு கழிவதன் முன்னரே நடுவில் வெடித்தோ, ஓரம் மேலெழுந்து ஆடியோ, புள்ளி புள்ளியாக உளுத்து மாவுதிர்ந்தோ பரண்மேற் சென்று சேர்வதுமுண்டு. தமக்குக் கைத்திறன் இல்லையென்று கருதி அவர் வாளையும் உளியையும் மூலையிற் சார்த்திவிடுவர். குறை பெரும்பாலும் கையில் இல்லை. மரத்துக்கும் நீருக்கும் உள்ள உறவை அறியாமையில் இருக்கின்றது. அவ்வுறவையும், அதனை அளவுபடுத்தும் பொருட்டு மரத்தின்மேற் பூசப்படும் எண்ணெய், அரக்கு, வார்னிஷ் முதலியவற்றின் இயல்பையும் ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்குத் தச்சுத்தொழிலில் என்ன வேலை என்று வினவுவார் உளராயின், அவரைத் தொல்காப்பிய மரபியலுக்கு ஆற்றுப்படுத்துவோம். உள்ளே வயிரமுடையவற்றை மரமென்றும், புறத்தே வயிரமுடையவற்றைப் புல்லென்றும் ஆசிரியர் ஆண்டுப் பகுத்துள்ளார். அப்பகுப்பின்படி தேக்கும் பலாவும் வேம்பும் மரம். தென்னையும் பனையும் மூங்கிலும் புல். இக்காலத் தாவர நூலாரும் பனையையும் மூங்கிலையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரம் என்னும் ஒரே பெரும்பிரிவில் வைக்கின்றனர். இது நூலறிவாற் செய்த பாகுபாடு மட்டுமன்று. வாள்கொண்டு அறுப்பவன் கண்ணாற் காணும் வேறுபாடும் ஆகும். பனையைக் குறுக்கே அறுத்தால் கருத்த கடுநார் வெளிவட்டத்திலும், மெல்லிய சோறு நடுவிலும் இருக்கக் காணலாம். பலாவை அறுத்தால் பொன்னிறமான வயிரம் நடுவிலும், வெளுத்த வெளிறு அதனைச் சூழ்ந்தும் இருக்கும்.

இவ்விரண்டனுள் வெளிறு என்பது மரம் நின்ற காலத்தில் வேரிலிருந்து நீரை மேலே கொண்டுசென்ற பகுதி. அதனுள் மாப்பொருள் சேர்ந்திருக்கும். அதனை நாடியே சில வண்டினங்கள் துளையிட்டு முட்டையிடுகின்றன. புழுக்கள் உள்ளிருந்து தின்று மரத்தை மாவாக்குகின்றன. வயிரமோ நீரேற்றும் தொழிலை விடுத்த உட்பகுதி. அதன்கண் மரம் தன் பிசின்களையும் பிற காப்புப்பொருள்களையும் நிரப்பி வைத்துள்ளது. தேக்கைக் கறையான் எளிதில் அணுகாமைக்கு இத்தகைய பொருள்களே காரணம். வெளிறு என்னுஞ் சொல்லை அறியாமை என்னும் பொருளில் திருவள்ளுவர் ஆண்டிருப்பதை எண்ணுந்தோறும், அவர் மரக்கடையில் நின்று பலகை பார்த்தவரோ என்று எமக்குத் தோன்றுவதுண்டு. ஆகவே பலகை வாங்கப் போவோர் முதலிற் பார்க்க வேண்டுவது நிறம் மாறும் எல்லையையே. ஓரத்தில் வெளிறு ஒட்டியிருப்பின் அதனை அறுத்துத் தள்ளிவிடுதல் நன்று. பலகை அகலங் குறைகிறதே என்று வருந்துவோர் பின்னர் மணை முழுவதையும் இழப்பர்.

மணைக்குத் தேக்கு சிறந்ததே. ஆயினும் விலை மிகுதி. எம் கருத்திற் பலாவே தக்கது. தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பயன்படும் மரம் அது, உளிக்கு இணங்கும், அறுத்த புதிதில் மஞ்சளாயிருந்து, ஒளிபட்டு நாளடைவிற் செம்பழுப்பாக முதிரும். எம்மரமாயினும் உலர்ந்ததாக இருத்தல் வேண்டும். உலர்ந்ததா என்று அறிவதற்குக் கருவி ஏதும் வேண்டுவதில்லை. பலகையை நிழலிற் காற்றுப்படும்படி நிறுத்திவைத்து, வாரத்துக்கொருமுறை தராசிலிட்டு எடையைக் குறித்துவரின், சில வாரங்கள் எடை குறைந்துகொண்டே வந்து பின்னர் ஒரு நிலையில் நின்றுவிடும். நின்றபின் வேலை தொடங்கலாம். வெயிலிற் கிடத்தி விரைவில் உலர்த்துதல் கூடாது. முனைகள் முந்தி உலர்ந்து பிளந்துவிடும்.

இனி நீரின் செய்திக்கு வருவாம். மரம் என்பது நுண்ணிய குழல்கள் நெருங்கி அடுக்கிய ஒரு கட்டு. பச்சை மரத்தில் அக்குழல்களின் உள்ளும் நீர் உண்டு. குழற் சுவர்களிலும் நீர் ஊறியிருக்கும். உள்நீர் போகும்வரை மரத்தின் அளவு மாறுவதில்லை. உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு என்னும் அளவுக்கு நீர் இறங்கியபின், சுவர்களிலுள்ள நீர் போகத் தொடங்கும். அப்பொழுதே மரம் சுருங்கத் தொடங்கும். அச்சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒத்ததன்று. நீளவாட்டில் அது கருதத்தக்கதன்று. தேக்கை எடுத்துக்கொண்டால், பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்வரை மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் நூற்றுக்கு 2.5 பங்கும், ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் நூற்றுக்கு 5.8 பங்கும் சுருங்கும். சுருக்கத்தில் ஏனைய பல மரங்களினும் அடக்கமுடைய தேக்கின் நிலையே இதுவாயின், பிறவற்றின் நிலையை ஊகித்துக்கொள்க. திசைக்குத் திசை இவ்வாறு வேறுபடுவதனாலேயே பலகை ஓடுபோல வளைகின்றது. வளையங்களின் வளைவு நிமிர முயல்வதே அவ்வளைவு என்று கொள்ளலாம்.

உலர்ந்து முடிந்த பலகை அத்துடன் அடங்கிவிடுவதுமில்லை. ஐப்பசி கார்த்திகையின் ஈரக்காற்றில் நீரை உண்டு விரியும். சித்திரை வெயிலில் நீரை விட்டுச் சுருங்கும். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்கு மணையில் ஈரம் நூற்றுக்கு 4 பங்கு ஏறியிறங்கினால், அகலம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் மாறும். இரண்டு மில்லிமீட்டர் தானே என்று இகழ்தல் வேண்டா. அடிக்கட்டைகள் பலகைக்குக் குறுக்காக ஓடுகின்றன. அவற்றின் நீளம் மாறுவதில்லை. அவற்றின்மேற் கிடக்கும் பலகையின் அகலமோ மாறுகின்றது. ஆணியடித்தும் பசையிட்டும் இரண்டையும் இறுகப் பிணித்துவிட்டால், அசைய வேண்டிய பலகை அசைய வழியின்றித் தானே பிளந்துகொள்ளும். வீட்டிற் செய்த மணைகள் வெடிப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

பழந்தச்சர் இதற்குக் கண்ட வழி மிக அழகியது. பலகையின் அடியிற் குறுக்காக, வாய் குறுகி அடி அகன்ற பள்ளம் ஒன்று வெட்டுவர். கட்டையின் மேல்விளிம்பை அப்பள்ளத்துக்கு ஒக்கச் சீவி, ஓரத்திலிருந்து கொட்டாப்புளியால் தட்டிச் செலுத்துவர். ஆணியுமில்லை, பசையுமில்லை. கட்டை பலகையை வளையவிடாது பிடிக்கும். ஆனால் விரிதலையும் சுருங்குதலையும் தடுக்காது. நம் முன்னோர் வீட்டுக் கதவுகளிலும், சட்டத்தின் காடியுள் பலகையைப் பசையின்றிச் செருகியிருப்பதைக் காணலாம், கருத்து ஒன்றே. இவ்வேலை புதியவர்க்கு அரிது. அவர் திருகாணியைக் கொள்ளலாம். கட்டைக்கு மூன்று திருகாணி போதும். நடுத்துளையை மட்டும் அளவாக இட்டு, இருபுறத்துத் துளைகளையும் பலகை அசையுந் திசையிற் சற்று நீளமாகக் குடைந்துவிட்டால், பலகை நடுவை ஊன்றிக்கொண்டு இருபுறமும் அசையும். பித்தளைத் திருகாணி நன்று. இரும்பு ஈரத்தில் துருவேறி மரத்திற் கறை படுத்தும்.

வடிவமைந்தபின் இழைத்தல். பூனையின் மயிரை வால்நோக்கித் தடவினால் படியும். தலைநோக்கித் தடவினால் சிலிர்க்கும். மரத்தின் ரேகையும் அத்தகையதே. இழைப்புளி மரத்தைப் பிய்க்குமாயின் பலகையைத் திருப்பிவைத்து மறுபக்கமிருந்து தள்ளுக. இழைத்தபின் உப்புத்தாள். 80 ஆம் எண்ணிற் றொடங்கி 120, 180, 220 எனப் படிப்படியே மென்மையானவற்றுக்குச் செல்லுதல் வேண்டும். இடையில் ஒன்றை விட்டுத் தாவினால் முன்னைத் தாளின் கீறல் மறையாது. மெருகிட்டபின் அது விளக்கேற்றிக் காட்டியதுபோல் வெளிப்படும். தேய்ப்பது எப்பொழுதும் ரேகையின் வழியே. உப்புத்தாள் இல்லாத காலத்தில் மரத்தையும் தந்தத்தையும் மெருகிடப் பராய் மரத்தின் சொரசொரப்பான இலையைப் பயன்படுத்தினர். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருப்பராய்த்துறை அம்மரத்தாற் பெயர்பெற்ற ஊர். இறுதித் தேய்ப்பின்முன் ஈரத்துணியாற் பலகையை ஒருமுறை துடைத்து உலரவிட்டால், படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். அவற்றையும் தேய்த்துவிட்டால் பின்னர் எழமாட்டா. இங்ஙனம் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதல் மிக இன்றியமையாதது. மரத்தூளை மக்கட்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களுள் ஒன்றாக உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995 இல் வகுத்துள்ளது. பட்டறையில் நாள்தோறும் அத்தூளிடையே நின்று உழைக்கும் தச்சர் பலர் ஒரு துண்டுத்துணியேனும் கட்டிக்கொள்ளாதிருப்பதைக் காண மனம் வருந்துகின்றது.

நிறம் வேண்டுவோர்க்கு ஒன்று சொல்லிச் செல்வாம். கடுக்காயை நசுக்கிக் கொதிக்கவைத்த நீரைப் பலகையிற் பூசி உலரவிட்டு, அதன்மேல் இரும்பாணிகளைக் காடியிற் பல நாள் ஊறவைத்த நீரைத் தடவினால், மரம் கண்முன்னே கறுக்கும். துவர்ப்பொருளும் இரும்பும் கூடிக் கருமையாவதே காரணம். பழைய மசியும் இங்ஙனம் ஆனதே. கருவேல் போலத் துவர்ப்புமிக்க மரத்துக்குக் கடுக்காயும் வேண்டா.

மெருகிடுதல் அழகின்பொருட்டே என்பது பலர் எண்ணம். அழகு உடன் வருவது. முதற்பயன் நீரின் போக்குவரவை மெதுவாக்குவதே. முற்றும் தடுக்கும் பூச்சு எதுவுமில்லை. ஆயினும் ஒரு மழைக்குள் நிகழ வேண்டிய மாற்றம் ஒரு பருவம் முழுவதும் சிறிது சிறிதாக நிகழுமாயின், மரம் தாங்கிக்கொள்ளும். இதனின்று ஒன்று தெளிவாகின்றது: மேற்புறத்துக்கு எத்தனை முறை பூசினோமோ, அடிப்புறத்துக்கும் அத்தனை முறை பூசுதல் வேண்டும். எம்மில் ஒருவர் வீட்டில் கடையில் வாங்கிய புத்தக அடுக்கு ஒன்று உளது. அதன் தட்டுக்களின் மேற்புறம் முகம் பார்க்கத்தக்க பளபளப்பு. அடிப்புறமோ வாள் பட்டபடியே விடப்பட்டிருந்தது. முதல் மழைக்காலத்தில் பூச்சற்ற அடிப்புறம் நீருண்டு விரிய, பூசிய மேற்புறம் அங்ஙனம் விரியாமையால், தட்டுக்கள் ஓரம் மேலெழுந்து தொட்டிபோல் ஆயின. கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்குப் பொருள் செலவிடுதல் வீண் என்று விற்றவர் எண்ணினார் போலும். முனைப்பக்கங்களையும் மறத்தல் கூடாது. குழல்களின் வாய்கள் ஆண்டுத் திறந்திருப்பதனால் நீர் விரைந்து புகுவது அவ்வழியே.

பூச்சுக்களுள் மிகப் பழையதும் மிக எளியதும் எண்ணெய். ஆயினும் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. தேங்காயெண்ணெய் எத்தனை நாளாயினும் எண்ணெயாகவே இருக்கும். நல்லெண்ணெய் மிக மெதுவாகப் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று, துளிகள் தம்முள் பிணைந்து, கெட்டியான ஏடாக மாறும். அதனை உலர்தல் என்பது வழக்கேயன்றி, நீர் உலர்வதுபோல் அங்கு எதுவும் ஆவியாவதில்லை. எண்ணெய் முழுவதும் வேறொரு பொருளாகின்றது. பச்சை ஆளி எண்ணெய் உலரப் பல நாட்களாகும். ‘டபுள் பாயில்டு’ என்று கடைகளில் விற்பது விரைவில் உலரும். இக்காலத்தில் அவ்விரைவு பெரும்பாலும் அதிற் கலந்த உலோக உப்புக்களால் வருவது. பூசும் முறை இது: துணியால் தாராளமாகத் தடவி, கால்மணி நேரம் ஊறவிட்டு, மேலே நிற்பதை முற்றும் துடைத்துவிடுக. துடைக்காது விடின் பிசினாகிக் கையில் ஒட்டும். ஒருநாள் இடைவிட்டு மூன்று அல்லது நான்குமுறை இங்ஙனம் செய்தல் போதும். தேக்கின் இயற்கைப் பிசின் எண்ணெயை உலரவிடாது தாமதிக்கும் ஆதலின், அதனை முன்னர் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்வது நலம்.

துடைத்த துணியை என் செய்வது? இக்கட்டுரை முழுவதிலும் வாசகர் ஒன்றை மட்டும் நினைவிற் கொள்வாராயின், அஃது இதுவாக வேண்டுமென்று விரும்புகின்றோம். எண்ணெய் உயிர்வளியை ஏற்கும்போது வெப்பம் பிறக்கின்றது. பலகையிற் பரவிய எண்ணெயின் வெப்பம் காற்றிற் போய்விடும். கசக்கிச் சுருட்டி மூலையில் எறிந்த துணியில் வெப்பம் போக வழியில்லை. அது மேன்மேலும் ஏறி, தீக்குச்சியின்றியே துணி தீப்பற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்னும் 38 அடுக்குக் கட்டடத்தில், மரவேலைக்குப் பயன்படுத்திய ஆளி எண்ணெய்த் துணிகளை 22 ஆம் அடுக்கில் விட்டுச் சென்றனர். 1991 பிப்ரவரி 23 இரவு அவற்றிலிருந்து மூண்ட தீ மறுநாளும் எரிந்தது. எட்டு அடுக்குக்கள் அழிந்தன. அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் மூவர் உயிர் நீத்தனர். 30 ஆம் அடுக்கில் தானே நீர் தெளிக்கும் குழாய்கள் அமைந்திருந்தமையால் அவ்வளவில் நின்றது. அக்கட்டடம் மீண்டும் பயன்படாது, 1999 இல் இடித்து அகற்றப்பட்டது. ஆதலின் எண்ணெய்த் துணியை விரித்து வெளியிற் கொடியில் உலர்த்துக. விறைத்துக் காய்ந்தபின் எறியலாம். அன்றேல் நீர் நிறைந்த தகரப்பெட்டியில் இட்டு மூடுக. ஓலைவேய்ந்த இல்லங்களிலும், மாணவர் விடுதியின் கட்டிலடியிலும் இவ்வெச்சரிக்கை எத்துணை வேண்டுவது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அடுத்தது அரக்கு. பலாசு, இலந்தை முதலிய மரங்களின் சிறு கிளைகளில் மொய்க்கும் நுண்பூச்சிகள் தம்மைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசினே அரக்கு. ஜார்க்கண்டு, சத்தீஸ்கர் முதலிய மாநிலங்களில் இது மிகுதியாகக் கிடைக்கின்றது. பாண்டவரை எரிக்க அரக்கு மாளிகை சமைத்த கதையை அறியாதார் இலர். ஒலித்தட்டுக்கள் பிளாஸ்டிக்கால் ஆகும் முன்னர் அரக்கினால் ஆகியிருந்தன என்பதைப் பலர் அறியார். அம்பாசமுத்திரத்துக் கடைசற் சொப்புக்களின் பளபளப்பும், கன்னட நாட்டுச் சென்னபட்டணத்துப் பொம்மைகளின் பளபளப்பும் அரக்கே. சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக்குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டில் அது உருகிப் படியும். மணை சுழலாது ஆகையால் நாம் அரக்கைக் கரைத்தே பூச வேண்டும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 250 கிராம் வரை அரக்குச் செதிளை இட்டு, ஓரிரவு ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டிக் கொள்க. கரைசல் ஓராண்டுக்கு மேற்பட்டதாயின் பூசியபின் இறுகாது; வேண்டியபோது வேண்டிய அளவே கரைத்தல் நன்று. பஞ்சை வெண்துணியிற் பொதிந்து, கரைசலில் நனைத்துப் பிழிந்து, ரேகையின் வழியே நில்லாது இழுத்துச் செல்ல வேண்டும். நடுவில் ஓரிடத்தில் நின்றால் கீழுள்ள அரக்கு கரைந்து பஞ்சோடு ஒட்டிவரும். மழை நாளில் இவ்வேலை வேண்டா; ஸ்பிரிட்டு ஆவியாகும் குளிர்ச்சியிற் காற்றின் ஈரம் படிந்து மேற்பரப்பு வெண்ணிறப் புகை படர்ந்ததுபோல் ஆகும். தொழிற்சாலை ஸ்பிரிட்டில் நஞ்சு கலந்திருப்பதனால் சன்னலைத் திறந்துவைத்தல் வேண்டும். அடுப்போ விளக்கோ அருகில் இருத்தல் கூடாது.

வார்னிஷ் என்பது உலரும் எண்ணெயும் பிசினும் கூடியது. முன்னாளிற் குங்கிலியம் போன்ற மரப்பிசின்களைக் கூட்டினர். இந்நாளிற் செயற்கைப் பிசின்களே. 1937 இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்ட பாலியூரித்தேன் இப்பொழுது மேசைகளுக்கும் கதவுகளுக்கும் பெருவழக்காயுள்ளது. நீரையும் சூட்டையும் அரக்கினும் நன்கு தாங்கும். மெலமைன் என்னும் பூச்சும் நம் நகரங்களில் மிக வழங்குகின்றது. அது இறுகும்போது வெளியிடும் பார்மால்டிஹைடு புற்றுநோய் விளைப்பதென்று 2004 இல் வகுக்கப்பட்டுள்ளது. தக்க முகமூடியும் காற்றோட்டமும் இல்லாத வீட்டு அறையில் அதனைத் தெளித்தல் தகாது. இவற்றில் மற்றொரு குறையும் உண்டு. கீறல் விழுந்தால் அவ்விடத்தை மட்டும் செப்பஞ்செய்தல் எளிதன்று. பெரும்பாலும் முழுவதையும் சுரண்டியே மீண்டும் பூச நேரும்.

எனவே எப்பொருளுக்கு எப்பூச்சு என்பது பளபளப்பைக் கொண்டு முடிவு செய்வதன்று. சூடான காப்பிக் கோப்பைகளை வைக்கும் மேசைக்குப் பாலியூரித்தேன் வார்னிஷ் ஏற்றது. புத்தக அடுக்குக்கும், நாற்காலியின் முதுகுச் சட்டத்துக்கும், மணநாளில் மட்டும் வெளிவரும் மணைக்கும் அரக்கு போதும். அதன் செம்பொன் நிறம் வேறெதனாலும் வருவதன்று. நாள்தோறும் உண்ணும் மணைக்கு எம் தேர்வு எண்ணெயே. குழம்பு சிந்தும், நீர் தெளிக்கும், குழந்தைகள் கவிழ்த்து இழுப்பர். எண்ணெயிட்ட மணை மங்குமேயன்றி உரிந்து தோல்போல் எழாது. மங்கியபோது மென்மையான உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்து, ஆண்டுக்கொரு முறை பங்குனியில் எண்ணெய் தடவினால், அடுத்த மழைக்காலத்துக்கு அது அணியமாகிவிடும்.

அரக்கிட்ட பொருளில் ஈரக் குவளை வைத்த இடத்தே வெண்வளையம் தோன்றுமாயின் அஞ்ச வேண்டா. பஞ்சுப் பொதியிற் சில துளி ஸ்பிரிட்டை இட்டு, ஈரம் கையில் அரிதிற் றெரியுமளவு பிழிந்து, வளையத்தின்மேல் மெல்ல ஒரு வீச்சு வீசி எடுத்துவிடுக. அரக்கு ஒரு நொடி இளகித் தன்னுள் அகப்பட்ட ஈரத்தை விட்டு மீண்டும் இறுகும், வளையம் மறையும். மறையாவிடின் ஒருநாள் பொறுத்து மறுபடியும் செய்க.